விட்டுப்போன அத்தைகள்: மதுரையில் ஒரு வம்சாவளி நூல் சேவை

என் மகள் ஆக்லாந்தில் செவிலியராக இருக்கிறாள். அவள் மணந்துகொண்டவரின் பூர்வீகம் பசிபிக் தீவு நாடான டோங்கா. பேத்திக்கு முதல் பிறந்தநாள் நெருங்கியபோது, அவர்கள் வழக்கத்தில் அதை நம் ஊர்க் காதுகுத்தைப் போல உற்றார் உறவினரைக் கூட்டி, பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் அடுக்கிச் செய்வார்கள் என்றும், அந்தச் சபையில் குழந்தையின் இரு பக்கத்து முன்னோர் வரிசையையும் சொல்ல வேண்டும் என்று சம்பந்தி அம்மாள் ஆசைப்படுகிறார் என்றும் மகள் தெரிவித்தாள். தம் பக்கத்து வரிசையை அவர் எதையும் பாராமல் சொல்லிவிடுவார். எனக்கோ தாத்தாவின் அப்பா பெயர் வரைதான் தெரியும். அதற்கு மேல் கேட்டால் நேராகக் குலதெய்வத்தின் பெயருக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே மதுரையில், வைகையின் வடகரையில், ஒரு மாடியறையில் நடக்கும் வம்சாவளி தேடல் சேவையை நாடினேன். குடும்பத்தாரிடம் வாய்மொழியாகக் கேட்டும், அரசு ஆவணங்களில் தேடியும், இரண்டையும் சேர்த்து ஒரு நூலாகக் கட்டித் தருவது அவர்கள் தொழில். எங்கள் பக்கத்துக்கும் சம்பந்தி பக்கத்துக்கும் சேர்த்து 42,000 ரூபாய் பேசினோம். பாதி முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதம் என்றார்கள். ஐந்தரை மாதம் ஆனது. நல்லவேளையாகப் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு நூல் கைக்கு வந்தது. குறைகளையும் எழுதப்போவதாலும், அவற்றில் பாதியை அவர்கள் பிறகு சரிசெய்துவிட்டதாலும் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சேவையை நாட நினைப்பவர்களுக்கு, எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன் நான். பதிவேடு பார்க்கத் தெரிந்தவர் யார், பார்ப்பதுபோல் பாவனை செய்பவர் யார் என்பது எனக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே ஆவணப் பகுதியைக் கவனிக்கும் பெரியவர் முன்பு சார்பதிவாளர் அலுவலகங்களின் வாசலில் பத்திரம் எழுதியவர். 1975-க்கு முந்தைய வில்லங்கத்தை, அதாவது சொத்து கைமாறிய பதிவை, இணையத்தில் தேடிப் பயனில்லை, அட்டவணைப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். மேலூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரின் அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலங்களின் பதிவேட்டில், தொடங்கி, பழைய சர்வே எண்ணைப் பிடித்து, அதிலிருந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும், அதற்கும் முந்தைய ஒரு கிரயப் பத்திரத்துக்கும் போனார். கிரயப் பத்திரத்தின் ஆண்டு 1886. "மேற்படி கிராமத்திலிருக்கும்" என்று தொடங்கும் அந்த ஒரே வாக்கியம் இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. அதன் நடுவில் என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் அவர் தகப்பனார் பெயரோடு நிற்கிறது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல்.

எங்கள் ஊரிலிருந்து மாங்குளம் மலை வெகு தொலைவில்லை. அங்கே பாறையில் நெடுஞ்செழியன் பெயர் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. என் பாட்டன் பெயர் கிடைக்க இந்தக் கீறல்தான் வாய்த்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அரசு ஆவணங்களுக்கு வெளியே அவர்கள் தேடிய இரண்டு இடங்கள் என்னை வியக்க வைத்தன. ஒன்று மொய் நோட்டு. எங்கள் வீட்டுப் பரணில் 1961 முதலான மொய் நோட்டுகள் கிடந்தன. யார், எந்த ஊர், இன்னாரின் மகன், எவ்வளவு என்று வரிசையாக எழுதப்பட்டவை. பணத்துக்காக எழுதிய கணக்கு என்றே இதுவரை நினைத்திருந்தேன். மொய் செய்தவருக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதால் பெயரிலோ ஊரிலோ பிழை விடமாட்டார்கள், ஆகையால் நம் பக்கத்தில் இதைவிட நம்பத்தக்க உறவுப் பதிவேடு கிடையாது என்று பெரியவர் விளக்கினார். இரண்டாவது, குலதெய்வக் கோயிலில் பூசாரி வைத்திருக்கும் தலைக்கட்டு வரி நோட்டு. ஒரு குடும்பத்திலிருந்து மகன் மணமாகித் தனித் தலைக்கட்டாகப் பிரியும் ஆண்டு அதில் தெரிகிறது. கல்யாணப் பதிவு இல்லாத காலத்துக்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்.

சிக்கல் வாய்மொழிப் பகுதியில் தொடங்கியது. ஊரில் என் அத்தை இருக்கிறார், வயது எண்பத்தேழு. எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் பங்காளி வகையறா முழுவதும் அவர் நாக்கில் இருக்கிறது. நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் கைபேசியில் ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திண்ணையில் அவர் முன் உட்கார்ந்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று கட்டம் கட்டமாக வரும் படிவம்.

"ஆத்தா, உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க."

"அதை என் வாயால சொல்லவா? நல்லாருக்கே! மலை மேல ஆண்டியா நிக்கிறவரு பேருதான்."

இளைஞர் "மலைச்சாமி" என்று பதிந்துகொண்டார். மாமாவின் பெயர் பழனி. கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இரண்டாம் முறை வந்த பெண் சாமர்த்தியசாலி. அத்தையிடம் அந்தப் பேச்சையே எடுக்காமல், பேத்தியைக் கூப்பிட்டுக் குடும்ப அட்டையைக் கொண்டுவரச் சொல்லி அதைப் பார்த்துத் திருத்திவிட்டார்.

ஆனால் கட்டங்களின் குறை அந்தப் பெண்ணாலும் தீரவில்லை. அத்தை வரிசை சொல்லும் முறையே வேறு. "நத்தத்துக்காரிக்கு மூணு பேரு, மூத்தவன் கொட்டாம்பட்டியில கட்டுனான், அந்தக் கொட்டாம்பட்டிக்காரி பெத்தது ரெண்டு" என்று, வீட்டுக்கு வந்த பெண்ணின் பிறந்த ஊரைப் பிடித்துக்கொண்டே அவர் தலைமுறை தலைமுறையாக ஏறிப்போகிறார். ஆண்களின் பெயர் அவருக்கு இரண்டாம்பட்சம், அதற்குக் காரணமும் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம் என்பதால், ஒன்று விட்டு ஒரு தலைமுறையில் கருப்பன் என்ற பெயரே திரும்பத் திரும்ப வரும். எந்தக் கருப்பன் என்று பிரித்துச் சொல்ல அவன் தாயின் ஊர்தான் அடையாளம். சிங்கம்புணரிக்காரி மகன் கருப்பன் வேறு, நத்தத்துக்காரி மகன் கருப்பன் வேறு.

படிவத்தில் தாயின் ஊருக்குக் கட்டம் இல்லை. அதனால் முதல் வரைவு நூலில் இரண்டு கருப்பன்களும் ஒருவராகிவிட்டார்கள். அந்த ஒருவர் 1886-இல் நிலம் வாங்கி, 1961-இல் என் சித்தப்பா கல்யாணத்துக்கு ஐந்து ரூபாய் மொய் எழுதியிருந்தார். நிலம் வாங்கியபோது இருபது வயது என்று வைத்தாலும், தொண்ணூற்றைந்து வயதில் பந்திக்கு வந்திருக்க வேண்டும். இதை நான் சுட்டிக்காட்டியபோது பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தை பேசிய ஒலிப்பதிவை அவர் கேட்கவே இல்லை. தட்டச்சு செய்த படிவம் மட்டுமே அவர் மேசைக்கு வந்திருக்கிறது.

இது ஒருவருடைய கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. அவர்கள் வேலை முறையிலேயே உள்ள கோளாறு. வாய்மொழியை அவர்கள் ஆவணத்துக்கு வழிகாட்டும் துப்பாக மட்டும் பார்க்கிறார்கள். ஆவணம் கிடைத்துவிட்டால் வாய்மொழியைக் கழித்துவிடுகிறார்கள். ஆவணமோ யாரை எழுதியது? சொத்து கைமாறியபோது கையெழுத்துப் போட்டவரை எழுதியது. தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தப்படும் வரை பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமைப் பங்கு கிடையாது. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அவள் பெயர் வர வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் பக்கத்து வரைவில் 187 பேர் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் 52. அந்த 52-லும் முப்பத்தொரு பேர் "மனைவி" என்ற சொல்லாக மட்டுமே இருந்தார்கள்.

சம்பந்தி பக்கம் இல்லாதிருந்தால் இதை நான் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

டோங்காவில் முன்னோர் வரிசைக்கு ஹொஹோகோ என்று பெயர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் நாடு அது. நியூசிலாந்தில் மட்டும் 2018 கணக்கெடுப்பின்படி 82,000-க்கும் மேற்பட்ட டோங்கர்கள் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் வந்து எழுத்து பரவும் வரை வரலாறு முழுவதும் அங்கே வாயில்தான் இருந்தது. தூயி தோங்கா என்ற பழைய மன்னர் பட்டத்தை வகித்தவர்கள் மொத்தம் 39 பேர். கடைசியானவர் லவுஃபிலிதோங்கா, 1865-இல் இறந்தார். முதலாமவரான அஹோஎய்து கி.பி. 950-ஐ ஒட்டி வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்குக் கல்வெட்டு ஆதாரம் ஏதுமில்லை. மனப்பாடமாக வந்த பெயர்களை எண்ணி, தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்று போட்ட கணக்கு அது. அங்கே வாய்மொழியே மூல ஆவணம். 1918 முதல் 1965 வரை ஆண்ட மூன்றாம் சாலோத்தே துப்போ அரசி வம்சாவளிகளில் தாமே கரை கண்டவர். மரபுச் செய்திகளைத் திரட்டுவதற்கென்று 1950-களில் ஒரு குழுவையும் அமைத்தார். மானிடவியலாளர் எலிசபெத் பாட், அந்நாட்டுச் சமூக அமைப்பைப் பற்றிக் குறிப்பெடுக்க அமர்ந்தபோது அவருக்கு முதன்மையான ஆசிரியராக இருந்தவர் அந்த அரசியேதான்.

இந்தப் பக்கத்துக்கு நிறுவனம் செய்தது என்ன என்று பார்த்தால், எங்களுக்கு வைத்திருந்த அதே படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியது. அதில் "கிரயப் பத்திர எண்" என்றொரு கட்டம். டோங்காவில் நிலத்தை விற்க முடியாது. 1875-ஆம் ஆண்டு அரசமைப்பே அதைத் தடுக்கிறது. நிலம் முழுவதும் அரசுடையது. பதினாறு வயதான ஒவ்வோர் ஆணுக்கும் எட்டேகால் ஏக்கர் விளைநிலமும் ஒரு வீட்டுமனையும் பெற உரிமை உண்டு. அவருக்குப் பின் அது மூத்த மகனுக்குப் போகும். ஆகவே அங்கே தேட வேண்டியது நில ஒதுக்கீட்டுப் பதிவை. சம்பந்தி அம்மாள் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் நிலத்தை விற்பீர்களா?" என்று மகளிடம் கேட்டாராம்.

பெயர் தேடுவதிலும் தடுமாறினார்கள். இங்கே சில செய்திகளை எழுதி வைப்பது, இதே வேலையில் இறங்கும் வேறு யாருக்காவது உதவும். டோங்கா மொழியின் எழுத்துமுறை 1943-இல் திருத்தப்பட்டது. ‘ங்’ ஒலிக்கு முன்பு ஆங்கில நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தை மட்டும் எழுதினார்கள். இப்போது அதற்கு முன் பதினான்காம் எழுத்தையும் சேர்க்கிறார்கள். ‘ப’ ஒலிக்கு முன்பு இரண்டாம் எழுத்து, இப்போது பதினாறாம் எழுத்து. இதனால் துப்போ என்ற அரச குடிப்பெயரே பழைய தாள்களில் வேறு எழுத்தில் கிடக்கும். தொண்டையில் நிறுத்தி ஒலிக்கும் ஓர் எழுத்து உண்டு. அதை மேற்கோள் குறிபோல் எழுதுவார்கள், வெளிநாட்டு எழுத்தர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஞானஸ்நானப் பெயர்களும் அப்படித்தான்: நம் பக்கத்து யோவான் அங்கே சியோனே, தாவீது அங்கே தேவிதா, மரியாள் அங்கே மேலே. டோங்காக் கடிதத்தில் சியோனே, நியூசிலாந்துக் கப்பல் பதிவில் ஜான் என்று ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் இருப்பார். குடும்பப் பெயர் என்பதும் அவர்களுக்குப் புதிது. தகப்பன் அல்லது பாட்டன் பெயரையே பின்னால் சேர்த்துக்கொண்டவர்கள் ஏராளம். என் இனிஷியல், கடவுச்சீட்டில் மகளுக்குக் குடும்பப் பெயராகி, பேத்தியிடம் வந்து காணாமல் போனதைப் பார்த்த எனக்கு இது விளங்கிவிட்டது. நிறுவனத்தாருக்கு விளங்கச் சில வாரங்கள் ஆயின.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மருமகனின் பாட்டி பெயர் மேலே. வரைவைத் தட்டச்சு செய்தவர் அதைத் தமிழ்ச் சொல்லாக எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் "மேலே காண்க" என்று திருத்திவிட்டார். மேலே பார்த்தால் அச்சகத்தின் முத்திரைதான் இருந்தது.

வெளிநாட்டு ஆவணத் தேடலுக்கென்று 9,000 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. இலவசத் தளங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் ஹரித்வாரில் யாத்திரிகர்களின் குடும்ப விவரத்தை எழுதிவைக்கும் பண்டாக்கள் என்ற புரோகிதர்களின் வம்சாவளிக் கட்டுகள்கூடப் படமாகக் கிடைக்கின்றன, நியூசிலாந்து தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள்களையும் காசில்லாமல் புரட்டலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்பவர், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் தீவுகளின் கையெழுத்துப் படிகளை நுண்படமாக எடுத்துவரும் பசிபிக் பணியகத்தையாவது அறிந்திருக்க வேண்டும். 1900 முதல் 1970 வரை டோங்கா பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. அக்காலத்துப் பிரிட்டிஷ் அலுவலர்களின் தாள்கள் பலவும் மேற்கு பசிபிக் ஆவணத் தொகுப்பில் இருக்கின்றன, அந்தத் தொகுப்போ ஆக்லாந்து பல்கலைக்கழக நூலகத்தில், என் மகள் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அவளே போய் ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தாள். நான் கேட்டதும் 9,000-இல் ஆறாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

வாய்மொழியைக் கழிக்கும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதை ஒரே ஒரு வரி காட்டிக் கொடுத்தது. சம்பந்தி அம்மாள் காணொளி அழைப்பில் தம் வரிசையைச் சொன்னபோது, தாம் எயுவா தீவில் பிறந்தாலும் தம் ஆட்கள் அத்தாவைச் சேர்ந்தவர்கள் என்றார். என் அத்தை பக்கத்தில் இருந்தார், "ஆத்தாவா?" என்று கேட்டு, அந்தம்மாளைத் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டார். அத்தா என்பது டோங்காவின் தென்கோடியில் இன்று ஆளே இல்லாத ஒரு தீவு. 1863-இல் பெரு நாட்டுக்குக் கூலிகளைப் பிடிக்கும் வேலையில் இறங்கிய ஒரு கப்பல் அங்கே வந்து, பண்டமாற்றுக்கு என்று சொல்லி மக்களை மேலேற்றி, அறைகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. 140-க்கும் மேற்பட்டவர்கள், யாரும் திரும்பி வரவில்லை. எஞ்சியவர்களை மன்னர் முதலாம் ஜார்ஜ் துப்போ எயுவா தீவுக்குக் கொண்டுவந்து குடியேற்றினார். இது வரலாற்று நூல்களில் உள்ள செய்தி. சம்பந்தி அம்மாளின் குடும்பம் அத்தாவிலிருந்து வந்தது என்பதற்கோ தாள் கிடையாது. ஆகவே வரைவில் "பூர்வீகம்: எயுவா" என்று மட்டும் அச்சாகியிருந்தது. நூற்றறுபது ஆண்டாக ஒரு குடும்பம் வாயில் காத்துவந்த ஊர்ப்பெயர், மதுரையில் ஒரு மாடியறையில் ஆதாரமில்லை என்று அடிபட்டுப்போனது.

மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன எங்கள் சின்னத்தாத்தா வகையறாவும் நினைவுக்கு வந்தது. அவர் ஏறிய கப்பலுக்கும் எங்களிடம் தாள் இல்லை. அவர் போன பிறகு அப்பத்தா ஒவ்வொரு இழவு வீட்டிலும் ஒப்பாரியில் அவர் பெயரைச் சேர்த்துப் பாடியதால்தான் அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எங்களுக்குத் தெரியும். நல்ல வேளை, அந்த ஒப்பாரி வரியை இரண்டாம் முறை வந்த பெண் அத்தையிடம் கேட்டுப் பதிந்து, "யார் சொன்னது, எந்தச் சந்தர்ப்பத்தில்" என்ற குறிப்போடு நூலில் சேர்த்திருந்தார். முழு நூலும் அந்தப் பெண்ணின் கையில் இருந்திருந்தால் இந்த மதிப்பீடு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பெண்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். டோங்காவில் உடன்பிறந்தாரில் சகோதரிக்குத்தான் மதிப்பு அதிகம். தந்தையின் சகோதரியை மெஹெகிதங்கா என்பார்கள். குடும்பத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை. தாய்மாமன் துஆசினா, சகோதரியின் பிள்ளைகள் அவர் பொருள்களை உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். அந்த உரிமைக்கு ஃபாஹு என்று பெயர். விசேஷங்களில் ஃபாஹு முறையில் வருபவரை முன்னால் உட்கார வைத்து, நல்ல பாய்களை அவருக்கே கொடுப்பார்கள். பேத்தியின் பிறந்தநாளில் அந்த இடம் மருமகனின் மூத்த அக்காவுக்கு. இதை மகள் விளக்கியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை; தாய்மாமன் சீர் தட்டு வராமல் காதுகுத்து நடக்காத ஊர்க்காரன் நான், நாத்தனார் முடிச்சுப் போடாமல் தாலி நிற்காது என்பதும் தெரியும். ஆனால் அந்த வரிசையில் அத்தைகள் இல்லாவிட்டால் யார் யாருக்கு ஃபாஹு என்பதே சொல்ல முடியாது, ஆகவே அத்தைகள் இல்லாத ஹொஹோகோ அவர்களுக்குப் பயன்படாத தாள் என்பது புதிய செய்தி. அந்நாட்டு நிலப்பதிவில் தகப்பன், மூத்த மகன், அவன் மூத்த மகன் என்று ஒற்றைக் கோடுதான் இருக்கும். நிறுவனம் வரைந்திருந்த படம் அந்த ஒற்றைக் கோட்டை ஒத்திருந்தது. சம்பந்தி அம்மாளோ வரிசையை ஒரு பெண்ணிடம் தொடங்குகிறார், என் அத்தையைப் போலவே.

ஒரு குறையை மன்னிக்க எனக்கு நாளாயிற்று. வரைவு தயாரானதும், இரு பக்கத்துப் பெயர்களையும், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதிகளையும் சேர்த்து, யாரும் பார்க்கக்கூடிய ஓர் இணையத் தளத்தில் அவர்கள் ஏற்றிவிட்டார்கள். ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அதற்கு இடம் வைத்திருந்தார்கள். நான் படிக்கவில்லை, அது என் தப்பு. ஹொஹோகோ அங்கே ஊருக்குப் பொதுவான செய்தி அல்ல. பட்டமும் நிலமும் வாரிசுரிமையும் அதில் தொங்குகின்றன. தலைமுறைகளாகக் கையெழுத்து நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு, யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதற்குக் கணக்கு உண்டு. சம்பந்தி அம்மாள் கோபித்துப் பேசவில்லை. அடுத்த இரண்டு அழைப்புகளுக்கு அவர் வரவில்லை, அவ்வளவுதான். நான் நேரில் போய்ச் சத்தம் போட்ட பிறகு பதினோராம் நாள் எடுத்தார்கள். அதற்குள் யார் படியெடுத்தார்களோ தெரியாது.

நூலைப் பொருளாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நல்ல கனமான தாள், தையல் போட்ட கட்டு, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாத முதுகு. 1886 பத்திரத்தின் ஒளிப்படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டு, எதிர்ப்பக்கத்தில் அதன் வாசகத்தைத் தெளிவான எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்; அந்த இரு பக்கத்துக்காகவே பணம் தகும் என்பேன். மடித்து ஒட்டியிருக்கும் குடும்ப மரப் படம் மட்டும் மூன்றாம் முறை விரிக்கும்போதே மடிப்பில் விரிசல் விட்டது. எழுத்துப் பிழைகள் குறைவு. அகரவரிசைப் பெயரடைவு இல்லாதது பெரிய குறை. 187 பேரில் ஒருவரைத் தேட ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

திரும்பவும் இவர்களிடம் போவேனா என்றால், ஆவணத் தேடலுக்குத் தயங்காமல் போவேன். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நாமாக அலைந்தால், எந்தக் கட்டில் எது இருக்கும் என்று அறியவே ஒரு வருடம் ஓடிவிடும். ஆனால் பணம் கட்டும் முன் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். தாயின் பெயருக்கும் பிறந்த ஊருக்கும் கட்டம் இருக்கிறதா, சொன்னவர் யார் என்று குறிக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலிப்பதிவு முழுவதையும் வெட்டாமல் உங்களிடம் தர வேண்டும், எழுத்து மூலம் உங்கள் சம்மதம் இல்லாமல் எங்கும் ஏற்றக் கூடாது என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் கையால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் தேடலை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம். அந்த ஊரில் நம் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும்.

திருத்திய படி ஆக்லாந்துக்குப் பதிவஞ்சலில் போனது. அதில் அத்தா இருக்கிறது; எதிரே "சம்பந்தி அம்மாள் சொன்னது, அவருக்கு அவர் தாயின் தாய் சொன்னது" என்ற குறிப்பு இருக்கிறது. நத்தத்துக்காரியும் சிங்கம்புணரிக்காரியும் கொட்டாம்பட்டிக்காரியும் ஊர்ப்பெயரோடு வந்துவிட்டார்கள். மூவரில் ஒருத்தியின் சொந்தப் பெயர் மட்டும் அத்தைக்கும் நினைவில் இல்லை, அந்த இடத்தில் ஒரு கோடு விடச் சொல்லிவிட்டேன். திருத்தத்துக்குக் கட்டணம் கேட்கவில்லை. அத்தையின் ஒலிப்பதிவு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் பென்டிரைவில் போட்டுத் தர 600 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்கள், அதற்கு ரசீதும் கொடுத்தார்கள்.